ஹாபிட்டுங்க சோம்பேறிங்களா?

கேள்வி: லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூணு படமும் பாத்துட்டேன். அந்தக் குள்ள ஹாபிட் கூட்டம் திங்கறது, தூங்கறது, பைப் புடிக்கறது தவிர என்ன பண்ணுது? வீட்டை விட்டு வெளிய வரவே மனசில்லாத சோம்பேறிங்களைப் போய் ஹீரோ ஆக்கினதுல அப்படி என்ன இருக்கு?

பதில்: படத்தோட நிறுத்திட்டீங்க, புத்தகத்தைத் தொடலைன்னு கேள்வியிலயே தெரியுது. படத்துல அந்தத் தீய மோதிரம் அழிஞ்சு முடிசூட்டு விழா முடிஞ்சதும் ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின்னு நாலு ஹாபிட்டுங்களும் ஊருக்கு வராங்க, அவங்க ஊரான ஷையர் விட்டுட்டுப் போன மாதிரியே பச்சைப்பசேல்னு இருக்கு, டிரிங்க்ஸ் குடிக்கறாங்க, சாம் கல்யாணம் பண்ணிக்கறான். கதாசிரியர் டோல்கீன் எழுதினது அது இல்லவே இல்ல. புத்தகத்துல அவங்க திரும்பி வரப்போ மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டிருக்கு, பழைய மாவு மில்லை இடிச்சுட்டு ஆத்தையே நாசம் பண்ற பெரிய ஆலையைக் கட்டியிருக்கானுங்க, சத்திரத்தையெல்லாம் மூடிட்டானுங்க, ஊரு விளைவிச்சதை வண்டி வண்டியா ஏத்தி வெளிய அனுப்பறானுங்க, வாயைத் திறந்தவங்களைப் பிடிச்சு உள்ள தள்ளிட்டானுங்க. அதுவும் வெளியூர்க்காரன் திடீர்னு வந்து பண்ணது இல்லங்க. ஃப்ரோடோவோட சொந்தக்காரன் லோத்தோ, மில்லு சத்திரம் பண்ணைன்னு ஒண்ணொண்ணா வாங்கிக் குவிச்சு, புகையிலையை சாருமான்ங்கற கெட்ட மந்திரவாதிக்கு வித்து, அடியாளுங்களை ஊருக்குள்ள கூட்டிட்டு வந்து, கடைசியில அவனே சாருமானோட ஆள் கையில செத்துப் போறான். ஒரு ஊரு எப்படிக் கெட்டுப்போகும்னு இவ்வளவு நேர்மையா எழுதின ஃபேன்டசி ரொம்பக் குறைவு.

இதுக்கு அந்தத் தின்னு தூங்கற கூட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? மெர்ரி கொம்பை ஊதினதும் கோடாலி, சுத்தியல், தடின்னு கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டு தெருவுக்கு வந்துட்டாங்க. ஷையர்ல இருக்கற பைவாட்டர் கிராமத்துல நடந்த சண்டையில அடியாளுங்க கிட்டத்தட்ட 70 பேர், ஹாபிட்டுங்க 19 பேர் செத்தாங்க. சண்டையில நின்ன எல்லாரோட பேரையும் பட்டியலா எழுதி வெச்சு, அந்த ஊர் வரலாறு படிக்கறவங்க மனப்பாடம் பண்ணாங்க. சாதாரணமா மூணடி உயரம்கூட தொடாத ஜனங்க, வெளிய இருந்து எந்த ராஜாவும் படை அனுப்பல, கூட வந்த நல்ல மந்திரவாதி கேண்டால்ஃப்கூட வழியிலயே பிரிஞ்சு போய்ட்டார். ஃப்ரோடோ அந்தச் சண்டையில கத்தியையே உருவல, ஆயுதத்தைக் கீழ போட்டவனை யாரும் கொல்லக்கூடாதுன்னு தன் ஆளுங்களையே தடுத்துட்டிருந்தார், இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அந்த அத்தியாயத்தை எத்தனை தடவ வேணா படிப்பேன்.

சாப்பாடு விஷயத்துக்கு வரேன். கிடைச்சா ஒரு நாளைக்கு ஆறு வேளைன்னு முன்கதையிலயே இருக்கு, உண்மைதான். அதே முன்கதையில கொஞ்சம் தள்ளி இன்னொண்ணும் இருக்கு, நல்லதெல்லாம் இல்லாமயும் அவங்களால இருக்க முடியும், ஒருவேளை அதனாலதான் நல்லதை அவ்வளவு ஆசையா அனுபவிச்சாங்கன்னு. நீண்ட குளிர்காலம்னு ஒண்ணு வந்து பஞ்சத்துல ஆயிரக்கணக்குல செத்திருக்காங்க, இன்னொரு குளிர்ல ஆறு உறைஞ்சு அது மேல நடந்து ஓநாய் ஊருக்குள்ள வந்திருக்கு. இதையெல்லாம் பாத்த ஜனங்களுக்கு ரெண்டாவது தட்டு சோறு சோம்பேறித்தனமா என்ன?

அப்புறம் சாம், ஃப்ரோடோவோட தோட்டக்காரன். எதிரியோட நாடான மோர்டோர் எல்லையில மோதிரம் அவன் கையில இருக்கறப்போ அது அவனுக்கு ஆசை காட்டுது, நீ பெரிய வீரன் ஆகலாம், இந்தப் பாழ்நிலம் முழுக்க உன் தோட்டம் ஆகிடும்னு. பெரிய பெரிய ராஜாவெல்லாம் விழுந்த இடம் அது. முதலாளி மேல இருந்த பாசமும், எனக்கு என் கையால உழுது பாத்துக்கற சின்னத் தோட்டம் போதும்ங்கற தெளிவும்தான் அவனைக் காப்பாத்துச்சு. நீங்க குறைன்னு சொல்ற வீட்டுப் பாசம் இல்லைன்னா அந்த இடத்துலயே கதை முடிஞ்சிருக்கும்.

எழுதினவரும் ஈஸி சேர்ல உக்காந்து போரைக் கற்பனை பண்ணவர் இல்ல. முதல் உலகப்போர்ல, 1916ல சோம் போர்முனையில இருந்தவர், டிரெஞ்ச் ஃபீவர்ங்கற காய்ச்சல் வந்துதான் ஊர் திரும்பினார், 1918க்குள்ள நெருங்கின நண்பர்கள்ல ஒருத்தர் தவிர எல்லாரும் செத்துட்டாங்கன்னு அவரே முன்னுரையில எழுதியிருக்கார். கூட இருந்த சாதாரண சிப்பாய்ங்களைப் பாத்துதான் சாமை உருவாக்கினேன்னும் சொல்லியிருக்கார். சின்ன வயசுல பர்மிங்ஹாம் பக்கத்துல சேர்ஹோல்னு ஒரு கிராமத்துல வளர்ந்தவர், அந்த இடம் கண்ணு முன்னாடி அழிஞ்சதை கடைசி வரைக்கும் மறக்கல.

ஹாபிட்டுங்க கிட்ட குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெளி உலகத்தைப் பத்தி அக்கறையே கிடையாது, ஆத்துக்கு அந்தப் பக்கம் படகு விடறவங்களைக்கூட ஒரு மாதிரி ஆளுங்கன்னுதான் பேசுவாங்க, அவங்க நிம்மதியா தூங்கறதுக்காக எல்லையில ரேஞ்சர்கள்ங்கற மனுஷ வீரர்கள் காவல் நின்னது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. டோல்கீன் இதை மறைக்கல, லோத்தோ மாதிரி ஒருத்தன் வளர்ந்ததுக்கு அந்த அலட்சியமும் காரணம்னுதான் நான் படிக்கறேன். இதை நீங்க கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். சோம்பேறின்னு சொல்றதை ஒத்துக்க முடியாது.

ரிட்டர்ன் ஆஃப் தி கிங்ல ஆறாம் புத்தகம், எட்டாவது அத்தியாயம். படிங்க, அப்புறமும் இதே கேள்வி இருந்தா எழுதுங்க, போடறேன்.