லோம்பார்டியும் ஜெர்மானிய ரத்தமும்

கேள்வி: வட இத்தாலியின் லோம்பார்டி மக்கள் ஜெர்மானிய இனமாம். மற்ற இத்தாலியர்களோடு அவர்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. 568-இல் அரசன் அல்போயின் தலைமையில் லாங்கோபார்டுகள் என்ற ஜெர்மானியக் கூட்டம் இத்தாலிக்குள் புகுந்தது, பாவியாவைத் தலைநகராக்கி ஆண்டது, 774-இல் பிராங்குகளின் அரசன் சார்லமேனிடம் தோற்றது. லோம்பார்டி என்ற பெயர் அவர்களால் வந்ததுதான். அதற்கு மேல் ரத்த உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. வந்தவர்கள் கொஞ்சப் பேர். மண்ணின் மக்களோடு கலந்தார்கள், காலப்போக்கில் சொந்தப் பேச்சையும் விட்டார்கள். 643-இல் அரசன் ரோதாரி தன் குலத்துச் சட்டங்களைத் தொகுத்தபோதே அதை லத்தீனில்தான் எழுதவைத்தான். இன்னொன்று: தெற்கே நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள பெனவெந்தோவை இதே லாங்கோபார்டுகள் 11-ஆம் நூற்றாண்டு வரை ஆண்டார்கள். ரத்தம்தான் கணக்கு என்றால் அந்தத் தெற்கத்திக்காரர்களை எங்கே வைப்பது?

லோம்பார்டியர் இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் வெற்றி 1176-இல் லெஞ்ஞானோவில் கிடைத்தது. மிலானும் மற்ற நகரங்களும் கூட்டணி சேர்ந்து, கொடி கட்டிய மாட்டுவண்டியைச் சுற்றி நின்று போரிட்டன. தோற்றது யார்? ஜெர்மானியப் பேரரசன் பிரெடெரிக் பார்பரோசா! ஜெர்மானிய ரத்தம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்புறம், லோம்பார்டியருக்குத் தனி அடையாளமே கிடையாதா என்றால், நிச்சயம் உண்டு. அது அவர்கள் வாயில் இருக்கிறது. லோம்பார்டு மொழி லத்தீனிலிருந்து கிளைத்தது. இத்தாலியனின் கொச்சை வடிவம் அல்ல, தனி மொழி. மிலான் பேச்சிலேயே கார்லோ போர்த்தா 200 ஆண்டுகளுக்கு முன்பு அருமையான கவிதைகள் எழுதினார். இன்று அழியும் ஆபத்திலுள்ள மொழிகளில் ஒன்றாக யுனெஸ்கோ அதைச் சேர்த்திருக்கிறது. பெரியவர்கள் வீட்டில் பேசுகிறார்கள், பேரப்பிள்ளைகள் இத்தாலியனில் பதில் சொல்கிறார்கள். எனக்கு வருத்தமும் கோபமும் இதில்தான். 1999-இல் இத்தாலி 12 சிறுபான்மை மொழிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அதில் லோம்பார்டு இல்லை. 1984-இல் லோம்பார்டியின் பெயரிலேயே தொடங்கிய லேகா கட்சி, அந்தச் சட்டத்துக்குப் பிறகும் ரோமில் பலமுறை ஆட்சியில் பங்கு வகித்துவிட்டது. அந்தப் பட்டியலில் லோம்பார்டு இன்னும் ஏறவில்லை.