"விசை தீர்ந்துபோச்சு மிஸ்": நியூட்டன் விதிகள் பற்றிய கேள்வி பதில்

விசை, இயக்கம் பாடம் குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை. பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.

கேள்வி (ஏழாம் வகுப்பு ஆசிரியை): வெளியிலிருந்து விசை செயல்படாதவரை நிற்கும் பொருள் நின்றுகொண்டும், ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டும் இருக்கும் என்ற முதல் விதியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள் சார். ஆனால் உருட்டிவிட்ட பந்து ஏன் நிற்கிறது என்று கேட்டால், "விசை தீர்ந்துபோச்சு மிஸ்" என்கிறார்கள்.

பதில்: அவசரப்பட்டுத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். தள்ள ஆள் இருந்தால்தான் பொருள் நகரும் என்று அரிஸ்டாட்டிலே நம்பினார். ஒரு கேரம் போர்டு கொண்டுவாருங்கள். முதலில் பவுடர் இல்லாமல் ஸ்டிரைக்கரைச் சுண்டட்டும். பிறகு பவுடர் தூவி, ஏறக்குறைய அதே வேகத்தில். இப்போது கூடுதல் தூரம் ஓடும். "விசை தானாகத் தீர்கிறது என்றால், பவுடர் போட்டதும் ஏன் மெதுவாகத் தீர்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பலகைதான் தடுக்கிறது என்று யாராவது சொல்லும்வரை வாயைத் திறக்க வேண்டாம். அடுத்து, தடுப்பே இல்லாவிட்டால் எங்கே போய் நிற்கும்? சாய்தளத்தில் குண்டு உருட்டிய கலிலியோ வந்து சேர்ந்த கேள்வி இதுதான். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின் இல்லாமலேயே இன்றும் வினாடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போது சொல்லுங்கள். விதியைக் கரும்பலகையில் எழுதுவது அதற்கப்புறம்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவன்): ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டுங்கிற மூன்றாம் விதிப்படி, மாடு வண்டியை இழுக்கிற அதே அளவுக்கு வண்டியும் மாட்டை இழுக்கும்னா, வண்டி எப்படி சார் நகரும்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. வண்டி நகருமா என்று பார்க்க, வண்டியின் மேல் செயல்படும் விசைகளை மட்டும் எண்ணு. மாடு முன்னே இழுக்கிறது, உராய்வு பின்னே இழுக்கிறது. முன்னது பெரிதானால் வண்டி கிளம்பும். வண்டி மாட்டை இழுப்பது மாட்டின் கணக்கு, அதை இங்கே சேர்க்காதே. மாடு குளம்பால் தரையைப் பின்னே தள்ளுகிறது. தரை மாட்டை முன்னே தள்ளுகிறது. சேற்றில் குளம்பு வழுக்கினால் எப்பேர்ப்பட்ட காளையாலும் இழுக்க முடியாது.

கேள்வி (ஒரு அப்பா): மேசைமேல் புத்தகம் இருந்தால் அதன் எடை வினை, மேசை தாங்குவது எதிர்வினை என்று மகளின் நோட்டில் இருக்கிறது. சரிதானே?

பதில்: இல்லை. பலரும் சறுக்கும் இடம் இது. இரண்டு விசையும் புத்தகத்தின் மேலேயே செயல்படுகின்றன. வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின்மேல் இருக்கவே முடியாது. மேசையை உருவிப் பாருங்கள்: தாங்கும் விசை போய்விடும், எடை அப்படியே இருக்கும். ஜோடியாக இருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா மறைய வேண்டும்? பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை தாங்குவதற்கு ஜோடி, புத்தகம் மேசையை அழுத்துவது.

கேள்வி (பயிற்சி ஆசிரியர்): இரண்டாம் விதியை, விசை = நிறை × முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) என்ற சூத்திரத்திலேயே தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்களைக் கயிற்றில் தொங்கவிடுங்கள், ஒன்றில் மணல், ஒன்று காலி. கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் தள்ளினாலே எது எது என்று கைக்குத் தெரிந்துவிடும். 1 நியூட்டன் எவ்வளவு என்று கேட்டால், 100 கிராம் பிஸ்கட் பாக்கெட்டை உள்ளங்கையில் வையுங்கள். அதன் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவி): கனமான பொருள்தானே சீக்கிரம் விழும்?

பதில்: காற்று இல்லாவிட்டால் அப்படி இல்லை பாப்பா. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் இறகையும் சேர்த்துக் கீழே விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அந்த வீடியோ இணையத்திலேயே இருக்கிறது, அப்பாவிடம் கேட்டுப் பார்.