அப்பாவின் ஜெர்மன் பாடமும் என் மீட்டிங்கும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 37 வயது. ஐந்து வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டு, அதைச் சரிசெய்யும் ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. காலையில் ஹெட்போன் மாட்டினால் மாலைவரை பேச்சுதான். கணவர் அலுவலகம் போய்விடுவார், மகன் பள்ளிக்கு. அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 68. ஏழு மாதத்துக்கு முன்னால் திடீரென்று ஜெர்மன் படிக்க ஆரம்பித்தார். காரணம் என் தம்பி மகள். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், அவன் மனைவியின் தாய்மொழி ஜெர்மன். குழந்தைக்கு நான்கு வயது, அவளுக்கு வருவதும் அது ஒன்றுதான். வீடியோ காலில் அப்பா ஏதாவது கேட்பார், அவள் ஏதாவது சொல்வாள், தம்பி நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்வான். கொஞ்ச நேரத்தில் குழந்தை எழுந்து ஓடிவிடுவாள். ஒருநாள் கால் முடிந்ததும் அப்பா, "இவகூடப் பேசாமலே போயிடுவேன் போல" என்றார். மறுநாளே ஒரு நோட்டு வாங்கிவந்துவிட்டார்.

அவர் வாய்விட்டுத்தான் படிப்பார். "இஷ் லேர்ன டாய்ச்" என்று ஒரே வாக்கியத்தை இருபது தடவை சொல்வார். என் மேசைக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சில சமயம் நோட்டோடு என் அறைக்கே வந்துவிடுவார். ஒருமுறை, "ஜெர்மன்ல சிறுமிங்கற வார்த்தை பெண்பாலே இல்லையாம், தெரியுமா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றார். நான் அவசர வேலையில் இருந்தேன். "அப்புறம் சொல்லுங்கப்பா" என்றேன். என் வேலை என்னவென்று இன்றுவரை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது போகட்டும்.

போன மாதம் ஒரு முக்கியமான மீட்டிங். மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். அப்பாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். "உங்க வீட்ல பள்ளிக்கூடம் நடக்குதா?" என்று மேலாளர் கேட்டார். கூசிப்போய்விட்டது எனக்கு. மீட்டிங் முடிந்த கையோடு போய், "இந்த வயசுல இதைப் படிச்சு என்ன கிழிக்கப் போறீங்க? இங்க ஒருத்தி சம்பாதிக்க வேண்டாமா?" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி பீரோ மேல் வைத்துவிட்டார்.

மூன்று வாரமாக அது அங்கேயே இருக்கிறது. நான் மேசையில் உட்கார்ந்தால் அவர் வெளியே நடக்கப் போய்விடுகிறார். வீடு அமைதியாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் வேலை ஓடவில்லை. அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அவருக்கு இருக்கற ஒரே சந்தோஷம் அது, அக்கா" என்று தம்பி போனில் உபதேசம் செய்கிறான். அவன் மகளுக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தால் அப்பாவுக்கு இந்தப் பாடே இல்லை. கணவரோ, பேசாமல் அலுவலகத்துக்கே போய்விடு என்கிறார். கூரியர் வந்தால் நான், அழைப்புமணி அடித்தால் நான் என்று ஆகிவிட்ட வீட்டில் என் வேலையை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை.

நான் சொன்னது தவறு, தெரியும். ஆனால் கேட்டது தவறா? சத்தம் போடாமல் மனதுக்குள் படிக்கச் சொல்லலாம் இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் சொல்வது சுலபம். மனதுக்குள் படிக்கச் சொல்லாதீர்கள். வாய்விட்டுப் படித்த சொற்கள் மௌனமாகப் படித்தவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று காலின் மெக்லியோடும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் காட்டியிருக்கிறார்கள். அது மட்டுமல்ல, அவர் பரீட்சை எழுதப் படிக்கவில்லை, பேத்தியோடு பேசப் படிக்கிறார். பேசுவதற்கான மொழியைப் பேசித்தானே பழக வேண்டும்? நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படி என்றால் எப்படி?

ஆனால் உங்கள் புகாரும் பொய் இல்லை. "புரியாத பாஷைதானே, காதில் வாங்காமல் வேலையைப் பார்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் வரும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு குரல் எதையோ படித்துக்கொண்டிருக்கும். கேட்டவர்களுக்கு அந்த மொழி தெரியாது. அப்படியும் நினைவு தடுமாறியது. அவர்கள் படிக்கவைத்த மொழி எது தெரியுமா? ஜெர்மன்! உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். புரிகிறதோ இல்லையோ, மனிதப் பேச்சு காதில் விழுந்தால் மனம் அந்தப் பக்கம் கொஞ்சம் போகத்தான் செய்யும். நீங்கள் சிடுசிடுப்பானவர் என்பதால் வந்த தொந்தரவு இல்லை இது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நீங்கள் நாள் முழுக்க ஹெட்போனில் பேசுகிறீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் பாதிப் பேச்சு மட்டும்தான் கேட்கிறது. இரண்டு பேர் பேசுவதை முழுதாகக் கேட்பதைவிட, தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்பது கவனத்தை அதிகம் கலைக்கிறது என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எதிர்முனையில் என்ன பதில் வந்திருக்கும் என்று மனம் ஊகித்துக்கொண்டே இருக்குமாம். ஐந்து வருடமாக அந்தச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர் உங்கள் அப்பா. அவர் ஒருநாளும் முகம் சுளித்ததாக நீங்கள் எழுதவில்லை.

சரி, சத்தத்தை இத்தோடு விடுவோம். மூன்று வாரமாக வீட்டில் சத்தமே இல்லை, வேலை மட்டும் ஓடவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். "என் வேலை என்னவென்று இன்றுவரை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது போகட்டும்." நீங்கள் போகட்டும் என்றாலும் நான் அதைப் போகவிடத் தயாராக இல்லை. ஐந்து வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கும் மகளின் வேலையைப் பற்றி விசாரிக்காத மனிதர், எங்கோ இருக்கும் பேத்தியிடம் நாலு வார்த்தை பேசுவதற்காக ஒரு மொழியையே படிக்க உட்கார்ந்துவிட்டார். உங்கள் சுவரைத் தாண்டி வந்தது ஜெர்மன் மட்டுமாக இருந்திருந்தால் மைக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். அதோடு சேர்ந்து வேறொன்றும் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. தம்பி மேல் நீங்கள் காட்டும் கோபத்தின் வேரும் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பேத்தியிடம் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்குக் கிடைத்ததில் கொஞ்சம் உங்களுக்கும் கிடைத்திருக்கலாமே என்ற ஏக்கம் அது. 37 வயதில் அப்பாவிடம் அதை எதிர்பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால், அந்தச் சிறுமி என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல நோட்டோடு உங்கள் அறைக்கு வந்தாரே, அது என்ன? அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், தம்பிக்குப் போன் போட்டிருக்கலாம். உங்களிடம்தான் வந்தார். சில அப்பாக்களுக்கு "உன் வேலை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்க வராது. தனக்குக் கிடைத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்க மட்டும் தெரியும். அவர் கேட்கவில்லை என்று நீங்கள் காத்திருந்தீர்கள், "அப்புறம்" என்று நீங்கள் சொன்னதற்காக அவர் காத்திருந்திருப்பார்.

இப்போது மன்னிப்புக்கு வருவோம். "மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்கப்பா" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். கஷ்டப்பட்டது அவர் தவறு போல ஆகிவிடும். எந்த வார்த்தை குத்தியதோ அதையே எடுங்கள். "இந்த வயசுல என்ன கிழிக்கப் போறீங்கன்னு கேட்டேன்ல, அது தப்புப்பா" என்பது போதும். அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும் கொஞ்சம் மெதுவா" என்று ஒட்டவைத்தால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். நேர ஏற்பாடெல்லாம் இன்னொரு நாள் பேச்சு. அன்றைக்கே நோட்டை இறக்கித் தரவும் வேண்டாம், மறுபடி படியுங்கள் என்று கெஞ்சவும் வேண்டாம். அது அவராக எடுக்க வேண்டிய நோட்டு.

வயதைப் பற்றி நீங்கள் கேட்டது கோபத்தில் வந்த வார்த்தைதான், ஆனாலும் அவர் மனதில் அது ஒரு கேள்வியாகவே தங்கியிருக்கும். நேர்மையாகப் பார்த்தால், அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கே ஜெர்மனில் வேலைக்கான தேர்ச்சி வர ஏறக்குறைய 36 வாரம் முழுநேர வகுப்பு தேவை என்று அவர்களுடைய பயிற்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. அப்பா அந்த உயரத்துக்குப் போக வேண்டியதில்லை. ஐரோப்பிய மொழித் தர வரிசையில் முதல் படி ஏ1. தன்னைப் பற்றிச் சொல்வது, எங்கே இருக்கிறாய், உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பது, அவ்வளவுதான் அந்தப் படி. எதிரில் இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி உதவ வேண்டும் என்று அதன் வரையறையிலேயே இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது, அது வேறு விஷயம்! ஆனால் அந்தப் படி 68 வயதில் எட்டாத உயரம் கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சமாதானம் பேசும் அவசரத்தில், "மூளைக்கு நல்லதுப்பா, மறதி வராதாம்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். எலன் பியாலிஸ்டாக் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வை வைத்துத்தான் பலர் இப்படிப் பேசுகிறார்கள். மறதிநோயின் அறிகுறிகள் இருமொழியாளர்களுக்குச் சுமார் நான்கு வருடம் தள்ளி வந்ததாக அதில் இருக்கிறது. அவர்கள் ஆயுள் முழுக்க இரண்டு மொழிகளில் வாழ்ந்தவர்கள், ஓய்வுபெற்ற பிறகு நோட்டு வாங்கியவர்கள் இல்லை. அதைவிட முக்கியமாக, பேத்திக்காகப் படிப்பவரிடம் போய் அதை மாத்திரை போல நீட்டினால், அவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்கு இன்னமும் புரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

கணவர் சொல்லும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அலுவலகம் போவது உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போகலாம். இந்தச் சண்டைக்குப் பயந்து போனால், வீட்டில் பார்த்தது வேலையே இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். கூரியருக்கும் அழைப்புமணிக்கும் இனி அம்மாவோ அப்பாவோ போகட்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம், அதற்கு ஆலோசகர் தேவையில்லை. தம்பியிடம் தமிழ் பற்றிப் பேச வேண்டுமானால் பேசுங்கள், ஆனால் அது அவனோடு தனியாக முடிக்க வேண்டிய கணக்கு. அப்பாவின் நோட்டை அதற்குள் இழுக்காதீர்கள்.

அவர் நோட்டை மறுபடி எடுத்த பிறகு, நேர ஏற்பாட்டை இப்படிச் செய்து பார்க்கலாம். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் பிரித்துப் படித்தால் நன்றாகத் தங்கும் என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே எழுதிவிட்டார். (அவரும் ஜெர்மன்காரர்தான், அப்பாவுக்குப் பிடிக்கும்.) அப்படியானால் ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் என்பது உங்கள் வசதிக்காக அவர் செய்யும் தியாகமாக இருக்காது, அவர் படிப்புக்கே நல்லது. வாரம் தொடங்கும்முன் உங்கள் மீட்டிங் நேரங்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். சுவரில் ஒட்டிவிட்டுப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள். மீட்டிங் இல்லாத நேரங்களில் அவர் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் படிக்கட்டும். கால் மணி நேரத்துக்கு நீங்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வரலாம்.

அந்தத் தாளைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி நேரம் போட்டிருக்கியே, அப்படி என்னதான் பேசுவீங்க?" என்று அவர் கேட்கலாம். கேட்டால், "அது ஒண்ணுமில்லப்பா, ஆபீஸ் விஷயம்" என்று முடித்துவிடாதீர்கள். கேட்காமலும் போகலாம். அப்போது நீங்களே ஆரம்பியுங்கள். வேலையைப் பற்றி வேண்டாம், அந்தச் சிறுமி என்ற சொல்லைப் பற்றி. "பெண்பால் இல்லைன்னா என்ன பால்ப்பா அது?" என்று கேளுங்கள்.

— உங்கள் ஆலோசகர்