வீட்டைக் காப்பாற்றுவதா, கேரரின் சம்பளமா?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பைச் சீர்திருத்துவதென்றால் கேரர்களின், அதாவது முதியோரைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்களின், சம்பளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அம்மாவுக்கு 84 வயது. காலையும் மாலையும் கேரர் வருகிறார். கால் மணி நேரத்தில் ஓடிவிடுகிறார், மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார். நாளைக்கு அம்மாவை முதியோர் ஹோமில் சேர்க்க வேண்டி வந்தால், அந்தச் செலவுக்கே அப்பா பாடுபட்டு வாங்கிய வீடு போய்விடும். அரசு முதலில் அதைக் காப்பாற்றட்டும். பராமரிப்புக்கும் சேர்த்து நாங்கள் கட்டும் கவுன்சில் (உள்ளாட்சி) வரி இப்போதே தாங்கவில்லை. பெரிய படிப்பு தேவைப்படாத வேலைக்கு ஏன் இன்னும் கூட்டிக் கொடுக்க வேண்டும்?

ஒரு வாசகர், லெஸ்டர்

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 1948இல் மருத்துவத்தை எல்லோருக்கும் இலவசமாக்கிய நாடு, அதே ஆண்டில் முதியோர் பராமரிப்பைக் கவுன்சில்களிடம் விட்டு, வசதி பார்த்துக் கட்டணம் வாங்கச் சொன்னது. இன்றும் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துள்ளவர் முழுச் செலவையும் தானே ஏற்க வேண்டும். 2010இலிருந்து அந்த வரம்பு நகரவே இல்லை. ஆனால் அம்மா தன் வீட்டிலேயே பராமரிப்புப் பெறும்வரை அந்த வீட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஹோமுக்குப் போன பிறகும், 60 வயதைத் தாண்டிய நெருங்கிய உறவினர் அங்கே குடியிருந்தால் சேர்க்கக் கூடாது.

அரசியல்வாதிகள் இத்தனை காலமும் பேசியது இந்த வீட்டைப் பற்றித்தான். ஒருவர் தன் வாழ்நாளில் கட்டும் பராமரிப்புச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 2011இல் அரசு அமைத்த டில்நாட் குழு சொன்னது. 2014இல் சட்டம் வந்தது, 72,000 பவுண்டு என்றார்கள், தள்ளிப்போட்டார்கள். 2021இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் 86,000 என்றார். அதுவும் தள்ளிப்போய், 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் மொத்தமாகக் கைவிட்டார். இப்போது லூயிஸ் கேசி தலைமையில் இன்னொரு ஆணையம், இறுதி அறிக்கை 2028க்குள். சரி, அந்த உச்சவரம்பு வந்தே இருந்தாலும் உங்கள் அம்மாவின் கேரர் மாதாமாதம் மாறுவது நின்றிருக்குமா? பில்லை யார் கட்டுவது என்பது மட்டும்தான் தீர்ந்திருக்கும்.

அவர் ஏன் ஓடுகிறார்? வீட்டுப் பராமரிப்பைக் கவுன்சில்கள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களிடம் குறைந்த விலைக்கு வாங்குகின்றன. பல நிறுவனங்கள் கேரருக்கு, வீட்டுக்குள் இருக்கும் நிமிடங்களுக்கு மட்டுமே சம்பளக் கணக்குப் போடுகின்றன. அடுத்த வீட்டுக்கு பஸ்ஸில் போகும் நேரமும் இடையில் காத்துக்கிடக்கும் நேரமும் அதில் வருவதில்லை. காலை ஏழுக்குக் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்பியும் அரை நாள் சம்பளம் வாங்குபவர்கள் உண்டு. வடக்கு லண்டனின் ஹாரிங்கே பகுதிக் கேரர்கள் இதை எதிர்த்துப் போராடி, பயண நேரமும் வேலை நேரமே என்று 2020இல் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். ஒவ்வொரு கேரரும் வழக்குப் போட்டா இதைப் பெற வேண்டும்?

படிப்பு தேவைப்படாத வேலை என்கிறீர்கள். ஹாய்ஸ்ட் என்ற தூக்கு கருவியில் ஒருவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். கதீட்டர் குழாயில் சிறுநீர் சேரும் பையைப் பார்க்க வேண்டும், மாத்திரைகளைக் கொடுத்துக் குறித்துவைக்க வேண்டும், இடுப்பில் தோல் சிவப்பதைப் படுக்கைப்புண் ஆகும் முன்பே கவனிக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். நேற்று எப்படிப் பேசினார் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும். சூப்பர் மார்க்கெட்டில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது, அவ்வளவு காலம் யார் இந்த வேலையில் நிற்பார்கள்?

இந்த ஓட்டையை வெளிநாட்டவரை வைத்து அடைத்தார்கள். 2022 பிப்ரவரியில் கேரர்களுக்கு விசா திறந்ததும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வந்தார்கள், சிலர் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க நிறுவனத்துக்குள்ள ஸ்பான்சர் உரிமம் பறிபோனால் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும் என்ற பயத்தில், குறைத்துக் கொடுத்த சம்பளத்தை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். 2025 ஜூலை 22இல் அந்தக் கதவும் அடைபட்டது.

கேரர்களின் சம்பளத்தைத் தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசித் தீர்மானிக்கும் ஒப்பந்தத்துக்கு இப்போது சட்டத்தில் வழி பிறந்திருக்கிறது. 2028இல் நடைமுறைக்கு வருமாம். வரவேற்கிறேன், மனதார. ஆனால் அதற்கு அரசு ஒதுக்குவதாகச் சொன்னது 50 கோடி பவுண்டு. இங்கிலாந்தில் இந்தத் துறையில் ஏறத்தாழ 16 லட்சம் வேலைகள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 300 பவுண்டு சொச்சம்தான் வரும்.

கவுன்சில் வரி பற்றிய உங்கள் கோபத்தில் நானும் பங்குகொள்கிறேன். 2016இலிருந்து பராமரிப்புக்கென்று அதில் தனியாகக் கூட்டி வாங்க அனுமதித்தது தவறான வழி. வசதியான ஊர் அதிகம் திரட்டும், முதியோரும் ஏழைகளும் நிறைந்த ஊர் திணறும். ஜப்பானில் 2000இலிருந்து 40 வயதைத் தாண்டியவர்கள் பராமரிப்புக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். ஜெர்மனி 1995இலேயே தொடங்கிவிட்டது. இங்கேயும் நாடு முழுவதற்கும் பொதுவாகத் திரட்ட வேண்டும், அதிலிருந்து முதலில் சம்பளத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அதுவரை ஒன்று செய்யுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் கேரரின் பயண நேரத்துக்கும் சேர்த்துத்தான் விலை தருகிறீர்களா என்று உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.