எளிய குடும்பத்தில் பிறந்து ஆடைத் தொழிலில் பெரிய ஆளானவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்?

அமான்சியோ ஒர்டேகா. ஸாரா கடைகளைத் தொடங்கிய ஸ்பெயின்காரர். இருபது வருடமாகச் சின்ன ஜவுளிக்கடை நடத்துகிற எனக்கு, அவர் கடைப்பையனாக நின்ற வருடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

1936-இல் பிறந்தவர். அப்பா ரயில்வே தொழிலாளி. சிறுவயதில் ஒருநாள் அம்மாவோடு மளிகைக்கடைக்குப் போயிருக்கிறார். இனிமேல் கடன் தர முடியாது என்று கடைக்காரர் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, லா கொருன்யா நகரில் ஒரு சட்டைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த அவமானத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அம்மாவும் அப்படிக் கடை வாசலில் நின்றவர்தான்.

1963-இல் பெண்கள் வீட்டில் போடும், பஞ்சு வைத்துத் தைத்த அங்கிகளைத் தயாரிக்கத் தொடங்கினார். அமான்சியோ ஒர்டேகா காவோனா என்ற தன் முழுப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளை (AOG) திருப்பிப் போட்டு ‘கோவா’ (GOA) என்று பெயர். மனைவி ரொசாலியா மேராவும் கூடவே நின்றார். அவரும் 11 வயதில் படிப்பை விட்டுத் துணிக்கடை வேலைக்குப் போனவர். பலர் அவரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை. தைக்க ஆள்? லா கொருன்யா இருக்கிற கலீசியா பகுதியின் வீட்டுப் பெண்கள்தான்.

முதல் ஸாரா கடை 1975-இல் லா கொருன்யாவில் திறந்தது. அப்புறம் அவர் செய்ததுதான் பெரிய விஷயம். எங்கள் தொழிலில் ஆளைக் கவிழ்ப்பது தேங்கிய சரக்கு. தீபாவளிக்கு எந்த நிறம் ஓடும் என்று ஆடியிலேயே ஊகித்து வாங்குவோம். ஊகம் தப்பினால் பணம் அலமாரியிலேயே கிடக்கும். அவர் துணியில் ஏறக்குறைய பாதியைச் சாயம் ஏற்றாத காடாவாகவே வாங்கி வைத்தார். கடையில் எது போகிறது, எதைக் கேட்டு இல்லையென்று திரும்புகிறார்கள் என்ற தகவல் வந்த பிறகு சாயம், பிறகு வெட்டு, தையல். சில வாரங்களில் உடை கடைக்கு வந்துவிடும். வாரம் இரண்டு முறை புதுச் சரக்கு. குறைவாகத் தைப்பதால் மிச்சமும் குறைவு.

இந்த வேகம் உலகத்தில் துணிக் குப்பையைப் பெருக்கியது என்பதையும் நான் மறுக்க மாட்டேன். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆனாலும் அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டு நம்மிடம் இல்லாததை எல்லாம் பையன்கள் அதில் எழுத வேண்டும். போன பொங்கலுக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் கொள்முதலுக்குப் போனேன்.