தினமும் அலுவலகம் போகப் பழைய ரியர் வீல் டிரைவ் கார்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் வசிக்கிறேன். சிறுசேரியில் உள்ள அலுவலகத்துக்குப் போய்வர நாளொன்றுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் ஆகிறது. வீட்டில் மனைவியும் நான்கு வயது மகளும் இருக்கிறார்கள். மனைவியும் கார் ஓட்டுவார். ஓட்டுவதற்குச் சுகமான, பின்சக்கரங்கள் இயங்கும் கார் ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 92,000 கி.மீ. ஓடிய 2013 பி.எம்.டபிள்யூ. 320டி, 58,000 கி.மீ. ஓடிய 2014 பி.எம்.டபிள்யூ. 328ஐ, டெல்லிப் பதிவெண் கொண்ட 2016 மெர்சிடிஸ் சி 220டி. மூன்றிலும் டெல்லிக் காரின் விலையே மிகக் குறைவு. எதை வாங்கலாம்? மழைக்காலத்தில் இவ்வகைக் கார் வழுக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உங்கள் ஆசையில் தவறில்லை. பின்சக்கர இயக்கம் நமக்குப் புதியதும் அன்று. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா, மாருதி ஆம்னி எல்லாம் அப்படித்தான் ஓடின, இன்றைய இன்னோவா கிரிஸ்டாவும் அப்படித்தான் ஓடுகிறது. நீங்கள் பார்த்திருக்கும் கார்களின் சிறப்பு, எடையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்து, முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலையையும் பின்சக்கரங்களுக்குத் தள்ளும் வேலையையும் தனித்தனியே கொடுத்திருப்பதில் இருக்கிறது. அதனால்தான் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுப்பதில்லை. இந்தச் சுகத்தை உணர வேகமாக ஓட்ட வேண்டிய அவசியமில்லை. பெரும்பாக்கம் சாலையின் ஒரு வளைவில் 40 கி.மீ. வேகத்தில் திரும்பும்போதே அது தெரியும்.

ஆனால் நாள்தோறும் ஓட்டும் கார் என்பதால், எந்த மாடல் என்பதைவிட, கண்ணெதிரே நிற்கும் அந்த ஒரு கார் இதுவரை எப்படி வாழ்ந்திருக்கிறது என்பதே பெரிய கேள்வி. நன்றாகப் பராமரிக்கப்பட்ட 90,000 கி.மீ. காரை, பெயின்ட் மட்டும் பளபளக்கும் 40,000 கி.மீ. காரைக் காட்டிலும் தயங்காமல் நான் சிபாரிசு செய்வேன். கையிலிருக்கும் தொகை முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாமல், நான்கில் ஒரு பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். புதிதாக வந்தபோது நாற்பது லட்சத்தை ஒட்டி விற்ற கார்கள் இவை. விலைதான் குறைந்திருக்கிறதே தவிர, உதிரிபாகங்கள் இன்னும் அந்த நாற்பது லட்ச ரூபாய்க் காரின் விலையில்தான் கிடைக்கின்றன.

முதலில் டீசலா பெட்ரோலா என்பதைத் தீர்த்துக்கொள்வோம். ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஓட்டம் 9,000 கி.மீ.யைத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதி, மெட்ரோ ரயில் பணிகளால் குறுகிப்போன மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையிலும் ராஜீவ் காந்தி சாலையிலும் ஊர்ந்து செல்லும் ஓட்டம். இப்படி நின்று நின்று, குறைந்த சுமையிலேயே ஓடும் டீசல் என்ஜினில், புகையின் ஒரு பகுதியை மறுபடியும் என்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும் காற்று உள்ளே போகும் குழாய்களிலும் கரி படிந்துகொண்டே போகும்; நெடுஞ்சாலையில் வாரம் ஒருமுறையாவது நீளமாக ஓடினால்தான் அது சற்றுக் குறையும். எனவே உங்கள் தேவைக்குப் பெட்ரோலே பொருத்தம். டீசலில் மிச்சமாகும் எரிபொருள் செலவு, இந்த ஓட்டத்துக்கு ஒரு பெரிய ரிப்பேர் பில்லைக்கூட ஈடுகட்டாது.

இனி நீங்கள் பார்த்த கார்களுக்கு வருகிறேன். 2013 320டி-யில் இருப்பது என்47 எனப்படும் இரண்டு லிட்டர் டீசல் என்ஜின். 184 குதிரைத்திறனும் 380 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தரும் அது ஓட்டுவதற்கு அருமையான என்ஜின்தான். சிக்கல், வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடச் செய்யும் அதன் டைமிங் செயினில் இருக்கிறது. பெரும்பாலான என்ஜின்களில் முன்பக்கம் இருக்கும் இந்தச் செயின், இதில் பின்பக்கத்தில், கியர்பாக்ஸை ஒட்டி அமைந்திருக்கிறது. தேய்ந்தால் மாற்றுவதற்கு என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். தேய்ந்தது தெரியாமல் ஓட்டி அது அறுந்துவிட்டால் என்ஜினே போய்விடும். 2011-க்கு முந்தைய என்ஜின்களில்தான் இந்தக் குறை அதிகம் என்றாலும், பிந்தியவை முற்றிலும் தப்பிவிட்டன என்று சொல்வதற்கில்லை.

2014 328ஐ-யில் என்20 என்ற டர்போ பெட்ரோல் என்ஜின் இருக்கிறது, 245 குதிரைத்திறன். இதிலும் செயின்தான் கவலை, ஆனால் காரணம் வேறு. செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடுகள் காலப்போக்கில் நொறுங்கின. 2015-இன் தொடக்கத்தோடுதான் அவை திருத்தப்பட்ட பாகங்களாக மாறின. ஆகவே 2014-ஆம் ஆண்டுக் கார் என்றால், கைடுகள் மாற்றப்பட்டதற்கான பில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் அந்த வேலைக்கான செலவை ஒரு நல்ல கராஜில் கேட்டு, விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். இதே என்ஜினில் தண்ணீர் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. எச்சரிக்கை இல்லாமல் நின்றுவிடக்கூடியது. எண்ணெய் வடிகட்டி பொருந்தியிருக்கும் இடத்து கேஸ்கெட்டிலும் வால்வு கவர் கேஸ்கெட்டிலும் கசிவு ஏற்படுவது வழக்கம்.

அவசரமில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2016-க்குப் பிறகு வந்த முகமாற்றம் பெற்ற 320ஐ-யில் பி48 என்ற புதிய தலைமுறை பெட்ரோல் என்ஜின் வந்தது. 184 குதிரைத்திறன்தான், ஆனால் முந்தைய என்ஜினின் செயின் தொல்லை இதில் இல்லை. இங்கே டீசல் கார்களே அதிகம் விற்றதால் இது எளிதில் கிடைக்காது. மூன்று மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை என்பேன். அதே குடும்பத்து 3 சீரிஸ் ஜி.டி. காரின் பெட்ரோல் வடிவம் அமைந்தால் இன்னும் நல்லது. செடானைவிட அதன் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 110 மி.மீ. அதிகம் என்பதால், மகளின் இருக்கையைப் பின்னால் பொருத்திய பிறகும் முன்னிருக்கைக்காரருக்குக் கால் நீட்ட இடம் இருக்கும். உடலும் சற்று உயரம். 3 சீரிஸ் கார்களின் பாகங்களை இந்தியாவில் பூட்டிக் காராக்கும் வேலை 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் நடப்பதால், இந்தக் கார்களைக் கைபழகிய மெக்கானிக்குகள் சென்னையில் கிடைப்பதும் உங்களுக்கு ஒரு வசதி.

டெல்லிக் காரை விட்டுவிடுங்கள். பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலும், உச்ச நீதிமன்றம் 2018-இலும் ஆணையிட்டன. பிற்பாடு தளர்வுகள் வந்தபோதும், அந்த அச்சத்தில் விற்கப்பட்ட கார்கள் தெற்கு நோக்கி வந்தபடி இருக்கின்றன. அந்தக் குறைந்த விலைக்குக் காரணம் இதுதான். அங்கே என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) பெற்று, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுச் சாலை வரியையும் கட்டி முடிக்கும்போது விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். மிஞ்சுவது, உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாத ஒரு டீசல் என்ஜின் மட்டுமே.

காரை நேரில் பார்ப்பது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மீது கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கத்தான் என்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் பத்து வினாடிகளில்தான் செயினின் உண்மை தெரியும்: டீசலில் என்ஜினின் பின்பக்கத்திலிருந்து உலோகம் உரசுவது போன்ற சரசரப்பும், என்20 பெட்ரோலில் ஆர்.பி.எம். ஏற ஏற மெல்லிய சைரன் போன்ற ஊளையும் கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். முன்சக்கர இயக்கக் காரில் இல்லாத பாகங்கள் சில இங்கே உண்டு. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ரப்பர் இணைப்பில் வெடிப்பு இருக்கிறதா, நடுவில் அதைத் தாங்கும் பேரிங் ஆடுகிறதா, விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பின்னால் ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்டாலோ, 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் சீரான முனகல் வந்தாலோ அதன் வேர் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும். எட்டு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இசட்.எஃப். நிறுவனத்தின் தயாரிப்பு, மிக நல்லது. ஆனால் அதன் எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்ற வேண்டும் என்று கியர்பாக்ஸைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.

சென்னையில் கார் வாங்குபவர் வெள்ளத்தை மறக்கக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் எத்தனையோ நல்ல கார்களை மூழ்கடித்தன. அவற்றில் பல உலர்த்தப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தன. 2016-இல் நான் சோதித்த ஒரு காரின் உட்புறம் புதிதுபோல் மணத்தது. பின்னிருக்கை சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தேன்; கடைசி ஒரு சாண் நீளத்தில், துணியின் இழைகளுக்கிடையே பழுப்பு நிறத்தில் ஒரு வண்டல் கோடு நேராக ஓடியது. உட்புறத்தைத் துடைத்தவர்கள் அங்கே கை வைத்திருக்கவில்லை. இதே சோதனையை எல்லா பெல்ட்டுகளிலும் செய்யுங்கள். இந்த பி.எம்.டபிள்யூ. கார்களில் பேட்டரி டிக்கியின் வலப்பக்க அடியில் இருக்கிறது. அந்தக் குழியில் துருவோ சேறோ தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். ஓடோமீட்டரைத் திருத்தியவர்கள் மற்ற மின்னணுப் பெட்டிகளில் பதிவான கிலோமீட்டரைப் பல நேரம் விட்டுவிடுவார்கள் என்பதால், ஸ்கேனர் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கராஜுக்குக் கட்டணம் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாகப் போகாதீர்கள். மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, உங்கள் தெருவிலுள்ள உயரமான வேகத்தடையின் மீதும் அடுக்ககத்தின் வாகன நிறுத்தச் சரிவிலும் காரை ஏற்றி இறக்குங்கள். அடியில் தட்டுகிறதா என்பதைக் காகிதத்தில் அச்சிட்ட எண்கள் சொல்லாது. மனைவியும் ஒரு சுற்று ஓட்டட்டும்.

மழையில் வழுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். முன்சக்கர இயக்கக் காரில் பிடிப்பு இழந்தால் கார் நேராகப் போகப் பார்க்கும். பின்சக்கர இயக்கத்தில் பின்பக்கம் விலகப் பார்க்கும், இதுதான் பழகாதவரைத் திடுக்கிட வைக்கிறது. ஆனால் இந்தக் கார்களிலுள்ள நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, விலகல் தொடங்கும் கணத்திலேயே தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து என்ஜினின் விசையையும் குறைத்துவிடும். அதன் பொத்தானை ஒருபோதும் அணைக்காதீர்கள். அதையும் மீறி விபத்து நடந்தால், பெரும்பாலும் காரணம் டயராகத்தான் இருக்கும். டயரின் மேற்பரப்பிலுள்ள கோடுகளின் பள்ளம் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும், மழைச் சாலைக்கு 3 மி.மீ.க்குக் கீழே போனதும் நான் மாற்றிவிடுவேன். டயரின் பக்கச் சுவரில் தயாரிப்பு வாரத்தைக் காட்டும் நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது, பள்ளம் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயர். இந்த பி.எம்.டபிள்யூ. கார்களில் பொதுவாக ஸ்டெப்னி கிடையாது; பதிலுக்கு வரும், காற்று இறங்கினாலும் சற்றுத் தூரம் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர்கள் விலை கூடியவை, பக்கச்சுவர் கடினமானவை. நான்கையும் மாற்ற வேண்டியிருக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே கணக்கிடுங்கள்.

ஆவணங்களில் ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, நிலுவை அபராதங்கள் உண்டா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் பெற்ற அன்றே அவற்றைக் கொடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி, உங்களுக்கு வராது. உங்கள் பகுதியில் தண்ணீர் தேங்குவது வழக்கம் என்பதால், என்ஜினுக்குள் நீர் புகுந்தால் ஈடு தரும் கூடுதல் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள்.

மூன்றில் ஒன்றை மட்டும் போய்ப் பார்க்கலாம் என்றால், 328ஐ-யைப் பாருங்கள். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்றும், பிறகு நீங்கள் தேர்ந்தெடுக்கும் கராஜின் லிஃப்டில் ஏற்ற வேண்டும் என்றும் விற்பவரிடம் சொல்லுங்கள். இவ்விரண்டில் ஒன்றுக்கு அவர் மறுத்தாலும், முன்பணம் கொடுக்காமல் 320ஐ-க்காகக் காத்திருங்கள்.