இமேஜ் பேக்கப் (பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதியை, அப்படியே நகலெடுத்து வைப்பது) எடுக்கும்போது சி டிரைவ் மட்டும் போதுமா, எல்லாப் பார்ட்டிஷனையும் சேர்க்க வேண்டுமா?

சி மட்டும் போதாது; எல்லாவற்றையும் சேர்க்கவும் வேண்டாம். விண்டோஸ் ஓடத் தேவையானவை ஒரே இமேஜில் போகட்டும். சொந்தக் கோப்புகள் உள்ள டி, ஈ டிரைவ்களை அதில் கலக்காதீர்கள்.

விண்டோஸ் 10, 11 ஓடும் இன்றைய லேப்டாப்களை வைத்துச் சொல்கிறேன். பேக்கப் மென்பொருளைத் திறந்தால், டிரைவ் எழுத்து இல்லாத சின்னப் பார்ட்டிஷன்கள் சிக்கு முன்னும் பின்னும் தெரியும். இவற்றில் முக்கியமானது இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். பெரும்பாலும் 100 எம்பி, சிலவற்றில் 260. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு தேடிப் போவது இதைத்தான். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் இதற்குள்தான் இருக்கிறது. பழைய டிஸ்க் செத்துப்போய், புது எஸ்எஸ்டியில் சியை மட்டும் ரீஸ்டோர் செய்தால் உங்கள் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கும், கணினி மட்டும் பூட் ஆகாது. இன்ஸ்டாலேஷன் பென்டிரைவ் போட்டு, அந்தப் பார்ட்டிஷனைப் புதிதாக உருவாக்கி, பூட் கோப்புகளை எழுதிச் சரிசெய்ய முடியும்தான். 100 எம்பி மிச்சம் பிடிக்க அவ்வளவு பாடு எதற்கு?

16 எம்பி அளவில் எம்எஸ்ஆர் என்று விண்டோஸ் தனக்காக ஒதுக்கிய ஒரு பார்ட்டிஷன் இருக்கும். உள்ளே கோப்பு எதுவும் கிடையாது, டிக் செய்துவிட்டு நகருங்கள். ரெகவரி பார்ட்டிஷனையும் சேருங்கள். விண்டோஸ் எழ மறுக்கும்போது வரும் ரிப்பேர் திரை அதிலிருந்துதான் வருகிறது.

டி டிரைவை ஏன் விலக்கச் சொல்கிறேன்? ரீஸ்டோர் என்பது அந்தப் பார்ட்டிஷனையே இமேஜ் எடுத்த நாளுக்குத் திருப்பிவிடும். மார்ச்சில் எடுத்த இமேஜை ஜூனில் போட்டால், நடுவில் சேர்ந்த குழந்தையின் புகைப்படங்களும் அலுவலகக் கோப்புகளும் போயே போய்விடும். ரீஸ்டோரின்போது டியை மட்டும் விட்டுவிட வழி இருக்கிறது. ஆனால் கணினி படுத்துவிட்ட பதற்றத்தில் ஒரு டிக் மாறிப்போக எவ்வளவு நேரமாகும்? தவிர, டி சேர்ந்தால் இமேஜ் பெருத்துவிடும். பெருத்தால் அடுத்த பேக்கப் தள்ளித் தள்ளிப் போகும். சொந்தக் கோப்புகளைத் தனியாக, அடிக்கடி நகலெடுங்கள்.

தயவுசெய்து இமேஜை டியில் சேமிக்காதீர்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கைத்தான் சி, டி, ஈ என்று பிரித்துத் தருகிறார்கள். அது செத்தால் மூன்றும் சேர்ந்தே போகும். எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்று கட்டாயம் வேண்டும்.

டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸுக்குள் இருந்தபடியே இமேஜ் எடுத்தால், உள்ளடக்கம் பூட்டு இல்லாமல்தான் பதிவாகும். அந்த இமேஜுக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். குளோன்சில்லா போன்ற இமேஜ் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, விண்டோஸுக்கு வெளியே இருந்து பூட் செய்து எடுத்தால், பூட்டிய பார்ட்டிஷன் காலி இடத்தோடு முழுதாக நகலாகும், இமேஜும் அதற்கேற்ப ஊதும். எப்படி எடுத்தாலும் பிட்லாக்கர் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி, கணினிப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.